ஷிப்ட் மாறாத வேலை

(சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை; சில விவரங்கள் சேர்த்து எழுதப்பட்டது)



எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். கணக்குப் பேசத் தெரியும், மேடைப்பேச்சு தெரியாது. ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லிவிட்டு, கடைசியில் சங்கத்திடம் ஒன்று கேட்கப் போகிறேன். கேட்கப்போவது நன்கொடை அல்ல என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இனி நீங்கள் நிம்மதியாகக் கேட்கலாம்.

நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் என்ற பகுதியில். பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் ஒரு நிமிஷம் திகைப்பார்கள். "எலும்புக்கூடா? அங்கேயா குடியிருந்தேள்?" என்று கேட்டவர்கள் உண்டு. எங்களுக்கு அது மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், ஊர்காம் என்பது போல இன்னொரு பெயர், அவ்வளவுதான். எங்கள் அண்ணா அந்தச் சுரங்கக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தார். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது மன்னி அந்த வீட்டுக்கு வந்தாள். எனக்குப் பரீட்சைக்குப் பாடம் கேட்டதும், காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்ததும் அவள்தான்.

தங்கவயலைப் பற்றி இளைய தலைமுறைக்கு சினிமாப் பெயராகத்தான் தெரியும். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு வளர்ந்த ஊர். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் வந்துவிட்டது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போயிற்று. அத்தனை ஆழத்தில் சில சமயம் பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடித்து நொறுங்கும். நாங்கள் அதை ஏர் பிளாஸ்ட் என்போம். மேலே சமையலறை அலமாரியில் டம்ளர்கள் குலுங்கும். உடனே தெருவில் பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள், யார் வீட்டு ஆண்பிள்ளை கீழே இருக்கிறான் என்று.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. சங்கு ஊதும். ஒரு ஷிப்ட் மேலே வரும், அடுத்த ஷிப்ட் கீழே இறங்கும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் ஒருவனையே இருபத்து நாலு மணி நேரமும் பூமிக்கடியில் வைத்திருக்க முடியாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அண்ணாவுக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. பலரும் பெங்களூருக்கு ரயிலில் போய்வர ஆரம்பித்தார்கள். அண்ணா சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். பிள்ளை கனடாவில், பெண் புனாவில். மீதிக் கதை உங்கள் பல வீடுகளிலும் இருப்பதுதான்.

2016-ல் ஒருநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு மன்னி எனக்குப் போன் செய்தாள். "அண்ணா பல் தேய்க்கப் போனவர் ஒரு மாதிரியா நிக்கறார்டா. வாய் ஒரு பக்கமா போறது. கூப்பிட்டா பதில் வரலை." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சர்க்கரை குறைஞ்சிருக்கும் மன்னி. சூடா ஒரு காபி குடுத்துப் படுக்க வையுங்கோ. எட்டு மணிக்கு மறுபடி பேசறேன்" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை மனசுக்குள் திருப்பிச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. முகம் கோணுவது, ஒரு கை தொங்கிவிடுவது, பேச்சு குழறுவது, இந்த மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் அது பக்கவாதம் என்று வைத்துக்கொண்டு, ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்ப வேண்டும். ரத்தக்குழாய் அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும். அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வாய்வழியாக எதுவும் கொடுக்கவே கூடாது. விழுங்கும் சக்தி போயிருந்தால் காபி நேராக நுரையீரலுக்குப் போகும். இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. அண்ணாவைப் பெங்களூருக்குக் கொண்டு வந்து ஸ்கேன் எடுத்தபோது மணி பதினொன்றரை. ஊசிக்கான நேரம் தாண்டிப் போயிருந்தது.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நிம்ஹான்ஸும் கர்நாடக அரசும் சேர்ந்து 2022-ல் தொடங்கிய மூளை ஆரோக்கியத் திட்டத்தில் முதலிலேயே எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டங்களில் கோலாரும் ஒன்று. எங்களுக்கு அது ஆறு வருஷம் தாமதம்.

அண்ணா பிழைத்தார். வலது கையும் காலும் போயிற்று, பேச்சும் போயிற்று. இதற்கு அஃபேசியா என்று பெயர். புத்தி போய்விடவில்லை. நாம் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரிகிறது. சொல்ல நினைக்கும் வார்த்தைதான் அகப்படுவதில்லை. மிஞ்சியது ஒரே சொல்: "சரி." பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி. குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து மன்னிதான் அர்த்தம் சொல்வாள். ஆச்சரியம் என்னவென்றால், காயத்ரி மட்டும் தடங்கலில்லாமல் வருகிறது. பல வருஷம் தானாகச் சொல்லிப் பழகியவை மூளையில் வேறு வழியாக வரும் என்று டாக்டர் விளக்கினார். காலையில் மன்னி அவருடைய வலது உள்ளங்கையைத் தன் கையால் தாங்கிப் பிடித்து அர்க்யம் விட வைப்பாள்.

இதைக் கேட்டதும் "ஆஹா, என்ன புண்ணியவதி!" என்று உங்களுக்குத் தோன்றுகிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். சொல்லி, காபி குடித்து, "ஏதாவது வேணும்னா கூப்பிடுங்கோ" என்று கிளம்பிப் போனார்கள். நானும் அப்படிப் போனவன்தான். நாம் ஒரு பெண்மணியைப் பதிவிரதை என்று புகழ்ந்துவிட்டு, அந்தப் புகழ்ச்சியிலேயே கையைக் கழுவிக்கொண்டு விடுகிறோம்.

மன்னியின் ஒரு நாளைச் சொல்கிறேன். ராத்திரி இரண்டு தடவை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். அஞ்சு மணிக்குத் துணி மாற்றுவது, உடம்பு துடைப்பது. பிறகு பல், காபி, மாத்திரை, கை கால் பயிற்சி. சாதத்தைக் குழைய வடித்து ஊட்டுவதற்கு ஒரு வேளைக்கு முக்கால் மணி. இடையில் அடுப்பு, துவைப்பது, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்து வைப்பது. அறுபது கிலோ மனிதரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது மட்டும் நாளைக்கு ஆறு தடவை. அவளுக்கே ரத்த அழுத்தம் உண்டு. தன் மாத்திரையைப் பதினைந்து நாளாகப் போடவில்லை என்பதை நான் மாத்திரை அட்டையை எண்ணித்தான் கண்டுபிடித்தேன். கேட்டதற்கு, "மறந்து போச்சுடா. அவரோடது மறக்கலையே" என்றாள்.

சுரங்கத்தில் ஷிப்ட் உண்டு, சங்கு உண்டு. இங்கே இரண்டும் கிடையாது.

இது மன்னியின் தனிக்கதை அல்ல. அமெரிக்காவில் ஷுல்ஸ், பீச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 66 வயதும் அதற்கு மேலும் ஆன தம்பதிகளை நாலு வருஷம் தொடர்ந்து கவனித்து, 1999-ல் வெளியிட்டார்கள். நோயாளியான துணையைக் கவனித்துக்கொண்டு, அதனால் மனமும் உடம்பும் நைந்துபோனவர்கள் இறக்கும் வாய்ப்பு, அப்படிப்பட்ட பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் எல்லோரும் அண்ணாவைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

நம் நாட்டிலேயே நடந்த இன்னொரு ஆய்வு இருக்கிறது. லூதியானா சி.எம்.சி.யைச் சேர்ந்த டாக்டர் ஜெயராஜ் பாண்டியனும் வெளிநாட்டு நிபுணர்களும் சேர்ந்து, 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பக்கவாத நோயாளிகளை வைத்து நடத்தினார்கள். ஒரு பகுதியினரின் குடும்பத்தாருக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுப்பது எப்படி என்று நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இரண்டு பக்கத்திலும் 47 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள் அல்லது பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையில் இருந்தார்கள். வித்தியாசமே இல்லை. 2017-ல் லான்செட் பத்திரிகையில் வந்தது. அந்த ஆய்வு ஓய்வைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நான் எடுத்துக்கொண்டது என் சொந்த அனுமானம்: ஏற்கெனவே முதுகு ஒடிந்த மனுஷியிடம் இன்னொரு பாடத்தையும் கற்றுக் கொடுத்தால் மட்டும் போதாது.

சரி, என்ன செய்வது? முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். 2018-ல் பெங்களூரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அண்ணாவை ஒரு வாரம் விட ஏற்பாடு செய்தேன். மன்னிக்குக் கும்பகோணத்துக்கு டிக்கெட் எடுத்தேன், அவளுடைய தங்கையோடு நவக்கிரக க்ஷேத்திரங்களைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று. மன்னி ஒப்புக்கொள்ளவே நாலு நாள் ஆயிற்று. இரண்டாம் நாளே திரும்பி வந்துவிட்டாள். சுவாமி முன்னால் நின்றால், இந்நேரம் அவர் 'சரி, சரி' என்று சொல்லிக்கொண்டிருப்பாரே, அது எந்த 'சரி' என்று அங்கே யாருக்குத் தெரியும் என்பதுதான் மனசில் ஓடிற்றாம். அண்ணாவும் அந்த இரண்டு நாளும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அங்கே கவனிப்பில் குறை என்று சொல்ல மாட்டேன். யோசனைதான் தப்பு. ஐம்பது வருஷத் தாம்பத்தியத்தை நெருங்கிக்கொண்டிருந்தவர்களைப் பிரித்து வைத்து ஒருவருக்கு ஓய்வு கொடுக்கப் பார்த்தேன்.

மறுவருஷம் அமெரிக்காவில் பெண் வீட்டில் இருந்தபோது ஒரு விஷயம் தெரியவந்தது. இல்லினாய் மாநிலத்தில் ஜான் நன்லி என்பவருக்கு 2001-ல் பக்கவாதம் வந்தது. அவர் மனைவி மேரிலீ நன்லி 2004-ல் ஒரு முகாமைத் தொடங்கினார். பெயர் ரிட்ரீட் அண்ட் ரிஃப்ரெஷ் ஸ்ட்ரோக் கேம்ப். பக்கவாதம் வந்தவரும் அவரைக் கவனிப்பவரும் சேர்ந்தே வாரக்கடைசியில் ஏதாவது ஒரு முகாம் விடுதிக்கு வருகிறார்கள். பாட்டு, கைவேலை, விளையாட்டு, ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து அரட்டை. தொண்டர்கள் கூடவே இருப்பார்கள். சில வேளைகளில் இரண்டு கோஷ்டியையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பேச விடுவார்கள். பிறகு பல மாநிலங்களுக்கும் அது பரவிற்று.

இதில் எனக்குப் பட்ட சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். சேர்ந்தே வருகிறார்கள். கணவர் பக்கத்து அறையில், கூப்பிடு தூரத்தில், சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்த சப்தம் காதில் விழுந்தால்தான் மனைவிக்கு உட்கார முடிகிறது. என் கும்பகோணம் டிக்கெட்டில் இல்லாதது அதுதான்.

நடுவில் கொரோனா வந்து இரண்டு மூன்று வருஷம் போயிற்று. 2023 மார்கழியில் சின்னதாக ஒன்று செய்து பார்த்தோம். பெரிய ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். மூன்று தம்பதிகள், மூன்று நாள். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சத்திரம். ஸ்கெலட்டனிலிருந்து அண்ணாவை வண்டியில் சிரமமில்லாமல் கூட்டிப் போகும் தூரம். இன்னொரு தம்பதி பெங்களூரிலிருந்து, மூன்றாவது குப்பத்திலிருந்து. குப்பத்தில் மனைவிக்குப் பக்கவாதம், கணவர் கவனிக்கிறார். எழுபத்து நாலு வயது. "மாமிக்குத் தலை பின்னி விடக் கத்துண்டேன் ஸார், யூட்யூப் பார்த்து. முதல் ஒரு மாசம் கோணலாத்தான் வந்துது" என்றார்.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, சத்திரம் காலி. சொந்தக்காரர் வாடகையே வேண்டாம் என்று, மின்சாரத்துக்கும் துப்புரவுக்கும் 1,500 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். பெங்களூரிலிருந்து நாலு உதவியாளர்கள், பகலுக்கு இரண்டு பேர், ராத்திரிக்கு இரண்டு பேர், 12,000. தினமும் ஒரு வேளை பிசியோதெரபிஸ்ட், 2,400. சமையல்காரரும் கூடமாட ஒரு ஆளும் 6,000. மளிகை, காய்கறி, பால் 4,500. வண்டி 4,000. சக்கர நாற்காலிக்கும் கமோடு நாற்காலிக்கும் வாடகை 1,500. மொத்தம் 31,900. தம்பதி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 3,500-க்குச் சற்று மேல். வங்கிக்காரன் புத்தி, விட மாட்டேன் என்கிறது, மன்னிக்க வேண்டும். ஆனால் பத்துத் தம்பதிகள் சேர்ந்தால் இது கணிசமாகக் குறையும் என்பதற்காகவே சொல்கிறேன்.

பணத்தைவிடச் சிரமம் கொடுத்தது வாசல்படி. இரண்டு படி, சேர்ந்து ஒரு அடி உயரம். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்ற கணக்கில் பன்னிரண்டு அடிச் சாய்வுப் பலகை வேண்டும் என்றதும் தச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எட்டு அடி போதும் ஸ்வாமி என்றார். எட்டு அடி போட்டிருந்தால் நாற்காலி பின்னால் உருண்டிருக்கும். சாப்பாட்டிலும் கற்றுக்கொண்டோம். ரசமும் நீர்மோரும்தான் லேசான ஆகாரம் என்று நாம் நினைக்கிறோம். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்குத் தண்ணீராக ஓடுவதுதான் முதலில் புரையேறும். குழைந்த பருப்பு சாதமும் கெட்டித் தயிர் சாதமும் அவர்களுக்கு எளிது. உட்கார வைத்து, தலையைச் சற்றுக் குனிய வைத்து, சின்னக் கரண்டியால் ஊட்ட வேண்டும். முதல் நாளே ஒரு உதவியாளர் குப்பத்து மாமியை விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்துத் தூக்கப் போனார். பிசியோதெரபிஸ்ட் ஓடிவந்து தடுத்தார். அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடும். நம்மில் எத்தனை பேர் அன்பினாலேயே அதைச் செய்துகொண்டிருக்கிறோமோ!

முதல் நாள் யாருக்கும் சந்தோஷம் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மன்னி உதவியாளர் பின்னாலேயே நின்று, "அப்படிப் பிடிக்காதேங்கோ, இப்படிப் பிடியுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சமையலறைக்குள் நுழைந்தவளைச் சமையல்காரர் வெளியே அனுப்பினார். சாயங்காலம் பஜனை ஆரம்பித்ததும் பெங்களூர்க்காரர் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார், நிறுத்தவே முடியவில்லை. அவர் மனைவிக்கு ஒரே வெட்கம். மூளையில் பட்ட அடியினால் அழுகையும் சிரிப்பும் கட்டுப்பாடில்லாமல் வரும், துக்கம் என்றே அர்த்தமில்லை என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். அதன் பிறகு அவர் அழும்போதெல்லாம் குப்பத்து மாமா, "நம்ம பஜனை அவ்வளவு மோசமா?" என்பார். மூன்றாம் நாள் அவரே அழுதுகொண்டே சிரித்தார்.

இரண்டாம் நாள் ராத்திரி மன்னி ஒன்பது மணி நேரம் தூங்கினாள். நடுவில் பழக்க தோஷத்தால் இரண்டு மணிக்கு எழுந்து பக்கத்து அறைக்கு வந்தாளாம். உதவியாளர் அண்ணாவைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாராம். கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். காலையில் ஏழரை மணிக்கு எழுந்து என்மேல் கோபம். "ஏன்டா எழுப்பலை?" என்றாள். அவள் ஏழரை மணிக்கு எழுந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று காலை அண்ணாவையும் மற்ற இருவரையும் வண்டியில் சுரங்கப் பக்கம் அழைத்துப் போனோம். சயனைடு மண் மேடுகள், துருப்பிடித்த இரும்புக் கோபுரம். அண்ணா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு 'சரி' சொன்னார். மன்னி கூட இல்லாததால் அது எந்தச் 'சரி' என்று எனக்குத் தெரியவில்லை.

மன்னியும் மற்ற இருவரும் அப்போது சத்திரத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். கவனிப்பவர்கள் மூவர் மட்டும். முதல் அரை மணி பேரன் பேத்தி, விலைவாசி. பிறகு பெங்களூர் மாமி ஏதோ சொல்லப்போய், மன்னி திடீரென்று சொன்னாளாம்: "போன வருஷம் ஒருநாள் அவரை அடிச்சுட்டேன்."

இதை அவள் அனுமதியோடுதான் இங்கே சொல்கிறேன். அன்று ராத்திரி மூன்றாவது தடவையாகப் படுக்கை நனைந்திருக்கிறது. மாற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் 'சரி, சரி' என்றிருக்கிறார். கையை ஓங்கித் தோளில் அடித்துவிட்டாள். அடித்துவிட்டு, விடியும்வரை சுவாமி அறையில் உட்கார்ந்திருந்தாள். ஏழு வருஷம் அர்க்யத்துக்குக் கை தாங்கிய அதே மனுஷி. பிள்ளையிடம் சொல்லவில்லை, பெண்ணிடம் சொல்லவில்லை, என்னிடம் சொல்லவில்லை. பதிவிரதை என்று பட்டம் கொடுத்து வைத்திருக்கிற எங்களிடம் எப்படிச் சொல்வாள்? முந்தின நாள் வரை முகம் தெரியாத இருவரிடம் சொன்னாள். குப்பத்து மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் அடிக்கலை மாமி. ஒருநாள் கதவைப் பூட்டிண்டு ரயில்வே ஸ்டேஷன்ல போய் ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். எந்த ரயிலாவது வந்தா ஏறிடலாம்னு" என்றாராம்.

அந்த ஒரு மணி நேரப் பேச்சுக்காகவே 31,900 ரூபாயும் செலவழித்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். இன்றைக்கும் மூவரும் வாரம் ஒருமுறை போனில் பேசிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு மன்னி தன் ரத்த அழுத்த மாத்திரையை விடுவதில்லை. குப்பத்து மாமா போனில் கேட்பாராம்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். அரசாங்கத்தில் வழி உண்டா என்றும் பார்த்தேன். 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் தற்காலிகப் பராமரிப்புக்குத் திட்டம் உண்டு. ஆனால் அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கானது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் கவனிப்பவருக்கான உதவித்தொகையைப் பற்றிச் சொல்கிறது. பக்கவாதம் வந்த கணவரோடு மூன்று நாள் எங்காவது போய்த் தூங்கிவிட்டு வர வேண்டும் என்றால் எந்த மனுவும் இல்லை. ஆகவே நம் கையில் இருப்பதைப் பார்க்கிறேன். பல ஊர்களில் நம்மவர் கல்யாண மண்டபங்கள் ஆடி மாதம் முழுக்கக் காலியாகக் கிடக்கின்றன. மார்கழியில் திருப்பாவை, பஜனை என்று ஏதாவது இருக்கும். ஆடியில் அதுவும் குறைவு. அந்த மாதத்தில் மூன்றே மூன்று நாள், கீழ்த்தள அறைகளும் கூடமும் வேண்டும்.

செயற்குழுவில் சிலர் ஏற்கெனவே ஆட்சேபம் சொல்லியிருக்கிறார்கள். சுபகாரியம் நடக்கிற இடத்தில் பெட்பேன் வைப்பதா என்கிறார் ஒரு பெரியவர். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் பாட்டி இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தாள். சுவாமி அறைக்கு அடுத்த அறையில்தான். அம்மா அவளுக்கு எல்லாம் செய்துவிட்டு, ஸ்நானம் பண்ணிவிட்டு, நைவேத்யம் வைப்பாள். ஆசாரம் கெட்டுவிட்டது என்று யாரும் சொன்னதில்லை. ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்பவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதற்காக முதல் வருஷம், பக்கவாதம் வந்து ஆறு மாதமாவது ஆனவர்கள், ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள், குழாய் வழி உணவு இல்லாதவர்கள் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். குடும்ப டாக்டரின் கடிதம் வேண்டும். கூப்பிட்டால் வருகிற டாக்டர் ஒருவரும், வாசலில் ஒரு வண்டியும் எப்போதும் இருக்க வேண்டும்.

காலிக் கட்டடம் என்றதும் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம்தான் வருகிறது. தங்கவயலில் பழைய சுரங்க ஆஸ்பத்திரி சுரங்கம் மூடிய பிறகு வருஷக்கணக்கில் பூட்டியே கிடந்தது. 2021-ல் கொரோனா சமயத்தில் ஊரிலிருந்து தொண்டர்கள் திரண்டு வந்து புதரை வெட்டி, தூசி தட்டி, படுக்கைகள் போட்டார்கள். அவசியம் என்று பட்டால் பூட்டு திறந்துவிடுகிறது.

உறுப்பினர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ இப்படி ஒரு தம்பதி இருந்தால் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். கொடுக்கும்போது நோயாளியின் பெயருக்குப் பக்கத்தில் கவனிப்பவரின் பெயரையும் எழுதுங்கள். அவர் என்ன மாத்திரை சாப்பிட வேண்டும், சாப்பிடுகிறாரா என்பதையும் எழுதுங்கள். முகாம் வரை காத்திருக்கவும் வேண்டாம். வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் போய் உட்காருங்கள். "ஏதாவது வேணும்னா கூப்பிடுங்கோ" என்று சொல்லாதீர்கள், அவர்கள் கூப்பிட மாட்டார்கள். "வியாழக்கிழமை நாலு மணிக்கு வரேன், நீங்கோ தூங்கலாம், கோவிலுக்குப் போகலாம்" என்று சொல்லுங்கள். ஸ்கெலட்டனில் இப்போது எதிர்வீட்டுப் பையன் ஒருவன், ஐ.டி.ஐ. படிக்கிறவன், செவ்வாய் வெள்ளியில் சாயங்காலம் வந்து அண்ணாவோடு கேரம் ஆடுகிறான். அண்ணா இடது கையால் ஆடுகிறார், பெரும்பாலும் ஜெயிக்கிறார். மன்னி அந்த நேரத்தில் கோவிலுக்குப் போவாள் என்று நினைத்தேன். இல்லை, தூங்குகிறாள்.

கிளைச் செயலாளர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை. ஊருக்குத் திரும்பியதும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் மண்டபத்துக்குப் போங்கள். கீழ்த்தளத்தில் எத்தனை அறை, எத்தனை மேல்நாட்டுக் கழிப்பறை, வாசலில் எத்தனை படி, கழிப்பறைக் கதவு எத்தனை அங்குலம் அகலம் என்று அளந்து எனக்கு எழுதுங்கள். சக்கர நாற்காலி தாராளமாக நுழைய முப்பத்திரண்டு அங்குலமாவது வேண்டும். குறைவாக இருந்தாலும் எழுதுங்கள், கதவைக் கழற்றித் திரை போட்டுக்கொள்ளலாம். ராபர்ட்சன்பேட்டையில் அப்படித்தான் செய்தோம்.